24 புள்ளியில் தோற்கும் என்று கணிக்கப்பட்ட கல்லூரி அணி ஜெயிக்க உண்மையிலேயே வாய்ப்பு உண்டா?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: அவருடைய மகன் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரியில் படிக்கிறான். அந்தக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி, அடுத்த மாதம் நாட்டின் முன்னணி அணி ஒன்றோடு அதன் சொந்த மைதானத்திலேயே மோதப்போகிறது. 24 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்று கணிப்பாளர்கள் சொல்கிறார்கள். பையனோ ஜெயிப்போம் என்று சத்தியம் செய்கிறான். மகனைப் பார்க்கப் போகும் அந்த வாரத்தில், இவ்வளவு விலை கொடுத்து டிக்கெட் வாங்குவது வீண் ஆசையா?

வீண் ஆசை இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. என் கண்ணெதிரே ஒருமுறை நடந்திருக்கிறது. அப்போது நான் தோற்ற பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

2007 ஆகஸ்டில் மேற்படிப்புக்காக மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு, ஆன் ஆர்பர் நகருக்கு வந்து சேர்ந்தேன். மூன்றாவது வாரம், செப்டம்பர் 1, சனிக்கிழமை. பருவத்தின் முதல் ஆட்டம். அறையில் உடனிருந்த மதுரைக்கார அண்ணன் ஒருவர் தன்னிடம் கூடுதலாக இருந்த டிக்கெட்டைக் கொடுத்து அழைத்துப் போனார். "தம்பி, இன்றைக்கு ஆட்டம் என்று எதுவும் இருக்காது. கூட்டத்தைப் பார், மைதானத்தைப் பார், இடைவேளையில் கிளம்பிவிடலாம்" என்றார். எதிரணி அப்பலாச்சியன் ஸ்டேட். வட கரோலினா மலைகளில் பூன் என்ற சிற்றூரில் இருக்கும் கல்லூரி. முதல்நிலைப் பிரிவில்கூட அப்போது அது இல்லை. ஒரு படி கீழே இருந்தது. வந்து ஆடிவிட்டுப் போக 4 லட்சம் டாலர் பேசியிருந்தார்கள். அமெரிக்காவில் இது வழக்கம்தான். பெரிய கல்லூரி சொந்த ஊரில் சுலபமான ஒரு வெற்றியை விலை கொடுத்து வாங்கும். சின்னக் கல்லூரி அந்தப் பணத்தில் தன் விளையாட்டுத் துறையை நடத்தும். உங்கள் மகனின் கல்லூரியும் அநேகமாக அப்படித்தான் போகிறது.

மிச்சிகன் மைதானத்தை வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. உள்ளே நுழைந்ததும் காலடியில் பள்ளம் திறக்கும். தெப்பக்குளத்தின் மேல்படியில் நின்று தண்ணீரைப் பார்ப்பதுபோல் வெகு கீழே பச்சைத் தரை. அன்று அந்தப் படிகளில் 1,09,218 பேர் இருந்தோம். எதிரணி சிக்கலான கட்டத்தில் நிற்கும்போதெல்லாம் அத்தனை பேரும் சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்குவார்கள். என்னிடம் அறைச் சாவி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதையும் சில்லறையையும் உள்ளங்கையில் பொத்திக் குலுக்கினேன்.

தெரியாதவர்களுக்காக: இது நம் ஊர்க் கால்பந்து அல்ல. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், எறிவார்கள். நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேறினால் பந்து தங்களிடமே இருக்கும். இல்லாவிட்டால் எதிரணிக்குப் போய்விடும். பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் ஃபீல்டு கோல், 3 புள்ளி.

மிச்சிகன் அப்போது நாட்டின் 5-ஆம் இடத்தில் இருந்த அணி. முதல் டச்டவுனை அதுதான் எடுத்தது. அண்ணன் சொன்னது சரி என்று நினைத்தேன். சற்று நேரத்தில் அப்பலாச்சியனின் டெக்ஸ்டர் ஜாக்சன் குறுக்கே வந்து ஒரு பந்தைப் பிடித்தார், திரும்பினார், ஓடினார். 68 யார்டு. துரத்தியவர்களுக்கும் அவருக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. மாணவர் பகுதியின் சத்தம் சட்டென்று அடங்கியது. இந்த ஊர் ஆட்டம் எனக்குப் புரியாத நாள் அது; ஆனால் யார் வேகமானவர் என்பது யாருக்கும் புரியும். இடைவேளையில் 28-17 என்று அப்பலாச்சியன் முன்னால் நின்றது. கிளம்பலாமா என்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

உங்கள் கேள்விக்கான விடை அந்த ஆட்டத்தில் இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். பெரிய அணிக்கும் சின்ன அணிக்கும் உள்ள வித்தியாசம் எங்கே இருக்கிறது? களத்தில் நிற்கும் முதல் பதினொரு பேரிடம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது அவர்களுக்குப் பின்னால், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காலத்தில் முதல்நிலை அணி 85 வீரர்களுக்கு முழு உதவித்தொகை தரலாம். அப்பலாச்சியன் இருந்த பிரிவில் மொத்தம் 63 பேருக்கு ஈடான தொகைதான். முதல் அரை மணி நேரம் இரண்டு அணியின் சிறந்த வீரர்களும் மோதுகிறார்கள். அங்கே வித்தியாசம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. இடைவேளைக்குப் பிறகு பெரிய அணி களைப்பில்லாத 130 கிலோ ஆட்களைப் புதிதாக இறக்கும். சின்ன அணியிடம் அதே ஆட்கள்தான், இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார்கள். 24 புள்ளி வித்தியாசத்தில் பெரும்பகுதி அந்தக் கடைசி அரை மணி நேரத்தில் வருவது.

ஆகவே சின்ன அணிக்கு வழி ஒன்றுதான். எதிரணியின் பெஞ்சுக்கு வேலை இல்லாமல் செய்ய வேண்டும். இதை இரண்டு விதமாகச் செய்கிறார்கள்.

முதல் விதம் அப்பலாச்சியன் அன்று செய்தது. பயிற்சியாளர் ஜெர்ரி மூர், மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் ரிச் ரோட்ரிகஸ் கையாண்ட முறையைக் கற்று, 2004 முதல் தன் அணியை அதற்குப் பழக்கியிருந்தார். ஆட்களை மைதானத்தின் அகலம் முழுக்கப் பரப்பி நிறுத்துவது அந்த முறை. நடுவில் நெருக்கி மோதினால் கனமானவர் ஜெயிப்பார். பரப்பிவிட்டால் வேகமானவர் ஜெயிப்பார். பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர் குவார்ட்டர்பேக். மெலிந்த உடல்வாகு கொண்ட குவார்ட்டர்பேக் ஆர்மாண்டி எட்வர்ட்ஸ் எறிந்த 23 பந்துகளில் 17 போய்ச் சேர்ந்தன. அவரைப் பிடிக்கப் போனவர்கள் காற்றைப் பிடித்தார்கள். அதிர்ஷ்டம் என்று இதை ஒதுக்க முடியாது. அப்பலாச்சியன் 2005, 2006 இரண்டு ஆண்டும் தன் பிரிவில் சாம்பியன். 2007-லும் பிறகு அதுவே சாம்பியன் ஆனது. அடுத்த வாரம் இதே போலப் பரந்து ஆடும் ஓரிகன் அணி, இதே மைதானத்தில் மிச்சிகனை 39-7 என்று அடித்துப் போட்டது. வேகத்துக்கு எதிராக மிச்சிகனுக்கு ஒரு ஓட்டை இருந்தது. அதை முதலில் கண்டவர்கள் அந்த மலைக் கல்லூரிக்காரர்கள். பருவம் முடிந்து பயிற்சியாளர் லாய்டு கார் ஓய்வுபெற்றதும், அந்த டிசம்பரில் மிச்சிகன் யாரை அழைத்து வந்தது தெரியுமா? அதே ரோட்ரிகஸை.

இரண்டாவது விதம், பந்தைத் திருப்பிக் கொடுக்காமல் இருப்பது. கொஞ்சம் கொஞ்சமாக, நான்கு முயற்சியில் 10 யார்டு, மறுபடி 10 யார்டு என்று நேரத்தைத் தின்பது. கிரிக்கெட் பார்க்கும் நமக்கு இது புதிதல்ல. ஐந்து நாள் டெஸ்டில் சின்ன அணி ஆஸ்திரேலியாவை வெல்வது அரிது. 20 ஓவரில் வெல்லலாம். நான் சொல்லும் ஆட்டத்துக்குப் பதினோரு நாள் கழித்து, 2007 டி20 உலகக் கோப்பையில் ஜிம்பாப்வே ஆஸ்திரேலியாவை வென்றது நினைவிருக்கும். ஆட்டம் சுருங்கினால் வித்தியாசமும் சுருங்குகிறது. இதே அப்பலாச்சியன், பிறகு முதல்நிலைக்கு உயர்ந்தது. 2022-இல் 6-ஆம் இடத்தில் இருந்த டெக்சாஸ் ஏ அண்டு எம் அணியை அதன் ஊரிலேயே 17-14 என்று வென்றது. 60 நிமிட ஆட்டத்தில் 41 நிமிடத்துக்கு மேல் பந்து அப்பலாச்சியனிடம். எதிரணிக்குத் தாக்கி ஆடக் கிடைத்தவை 38 முயற்சிகள் மட்டுமே. 2024 அக்டோபரில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை வாண்டர்பில்ட் 40-35 என்று வென்றபோதும் 42 நிமிடம் பந்து வாண்டர்பில்டிடம்தான் இருந்தது. முதல் ஐந்து இடங்களில் உள்ள அணிகளோடு அதற்கு முன் 60 முறை மோதி ஒருமுறைகூட ஜெயிக்காத கல்லூரி அது.

இன்னொன்று, உதைப்பது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. நெருக்கமான ஆட்டம் கடைசியில் ஓர் உதையில் வந்து நிற்கும். அன்று மிச்சிகன் விடாமல் போராடி, நாலரை நிமிடம் இருக்கும்போது 32-31 என்று முன்னால் வந்துவிட்டது. மிச்சிகனின் மைக் ஹார்ட் 54 யார்டு ஓடியபோது முன்பின் தெரியாத ஒருவர் என்னைத் தூக்கிச் சுற்றினார். அப்புறம் மிச்சிகனின் ஒரு ஃபீல்டு கோல் உதையை அப்பலாச்சியன் கையால் தடுத்தது. பின் வேகவேகமாக முன்னேறி, 26 நொடி மீதம் இருக்கும்போது ஜூலியன் ரௌச் 24 யார்டிலிருந்து உதைத்தார். 34-32. மிச்சிகன் கடைசியாக ஒரு நீண்ட பந்தை எறிந்து, 37 யார்டு தூரத்தில் இன்னொரு ஃபீல்டு கோலுக்கு வந்து நின்றது. உதைத்தார்கள். கோரி லிஞ்ச் என்பவர் பாய்ந்து அதையும் தடுத்து, பந்தை எடுத்துக்கொண்டு ஓடினார். கடைசிக் கோட்டை எட்டும் முன் விழுந்தார். நேரம் முடிந்திருந்தது.

அத்தனை பேர் கூடிய இடத்தில் அப்படி ஓர் அமைதியை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. ஒரு மூலையிலிருந்து மட்டும் கறுப்பும் பொன்னிறமும் அணிந்த அப்பலாச்சியன் ரசிகர்கள் சில ஆயிரம் பேரின் குரல் வந்தது. வெளியே வரும் வழியில், மிச்சிகன் தொப்பி அணிந்த பெரியவர் ஒருவர் அவர்களில் வயதான ஒருவரை நிறுத்திக் கைகொடுத்தார். இவர் ஏதோ சொன்னார். அவர் தலையை மட்டும் ஆட்டினார், பேச முடியவில்லை. தோற்ற பக்கத்தில் இருந்த எனக்கும் தொண்டை அடைத்தது. அன்றிலிருந்து எந்த ஆட்டத்திலும் என் மனம் முதலில் சின்ன அணிப் பக்கமே போகிறது.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட ஆட்டங்களில் பெரும்பாலானவற்றில் சின்ன அணி தோற்கிறது; பெரிய வித்தியாசத்தில் தோற்கிறது. 2014-இல் அப்பலாச்சியன் மறுபடி ஆன் ஆர்பருக்கு வந்தது; மிச்சிகன் 52-14 என்று அனுப்பிவைத்தது. இப்போது வீரர்கள் கல்லூரி மாறுவது சுலபமாகிவிட்டது, பணமும் கிடைக்கிறது. சின்ன அணியில் ஒருவன் நன்றாக ஆடினால் அடுத்த ஆண்டே பெரிய அணி அழைத்துக்கொள்கிறது. எட்வர்ட்ஸ் போன்ற ஒருவர் இன்று பூன் ஊரிலேயே நான்கு ஆண்டு இருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். அப்படி மாறிய காலத்திலும், 2024 செப்டம்பரில் 5-ஆம் இடத்திலிருந்த நோட்ர டேம் அணியை, அதன் மைதானத்திலேயே நார்தர்ன் இல்லினாய் 16-14 என்று வென்றது. கணிப்பு வித்தியாசம் ஏறக்குறைய 28 புள்ளி. உங்கள் 24-ஐவிட அதிகம். அங்கேயும் கடைசி உதை, அங்கேயும் தடுக்கப்பட்ட ஃபீல்டு கோல். அந்த நோட்ர டேம் அதற்குப் பிறகு தோற்காமல் தேசிய இறுதி ஆட்டம் வரை போனது. பலமில்லாத அணியைத்தான் வென்றார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

மைதானத்தில் புள்ளிப் பலகையை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் மகனின் அணி முதல் கால்பகுதியில் பின்தங்கினாலும் பரவாயில்லை. பந்து எவ்வளவு நேரம் அவர்களிடம் இருக்கிறது என்று பாருங்கள். தவறுதலாகப் பந்தை எதிரணிக்குக் கொடுக்காமல் இருக்கிறார்களா என்று பாருங்கள். இடைவேளைக்குப் பிறகு, ஒவ்வொரு முயற்சிக்கும் இடையில் அவர்களுடைய முன்வரிசைக் கனத்த ஆட்களைக் கவனியுங்கள். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றால் பெஞ்சு தன் வேலையைத் தொடங்கிவிட்டது. நிமிர்ந்து நின்று, கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது வித்தியாசம் 7 புள்ளிக்குள் இருந்தால், சுற்றியிருக்கும் சொந்த ஊர்க் கூட்டத்தின் குரல் மாறுவது உங்களுக்கே கேட்கும். அப்போது உங்கள் பையன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் வாங்கும்போது வெளியூர் அணிக்கு ஒதுக்கிய பகுதியில் கேளுங்கள். மூலையில்தான் கிடைக்கும், தூரமாகத் தெரியும். இருந்தாலும் அங்கேயே வாங்குங்கள்.