இரண்டாம் முறை குடித்து ஓட்டிச் சிக்கியவருக்கு வேலை லைசென்ஸ் கிடைக்குமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து மாநிலத்தின் கேப் யார்க் பகுதிக் கிராமம் ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். உடன் வேலை பார்க்கும் அபொரிஜினல் (ஆஸ்திரேலியப் பூர்வகுடி) இளைஞர், குடித்துவிட்டு கார் ஓட்டி, மூன்று ஆண்டுகளில் இரண்டாம் முறையாகப் பிடிபட்டிருக்கிறார். ஊதியதில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.11 சதவீதம் என்று காட்டியது. அடுத்த மாதம் கோர்ட். வேலைக்கு மட்டும் ஓட்ட லைசென்ஸ் கேட்கலாமா? நான் எப்படி உதவுவது?

பதில்: கேட்டாலும் கிடைக்காது, சகோதரி. ஐந்து ஆண்டுகளுக்குள் ஏற்கெனவே குடித்து ஓட்டித் தண்டனை பெற்றவருக்கு அந்தச் சலுகை இல்லை. குடும்பக் கஷ்டத்தைச் சொன்னாலும் மாஜிஸ்திரேட்டால் கொடுக்க முடியாது.

அந்த இரவு அவர் ஏன் ஸ்டியரிங்கைப் பிடித்தார் என்று பொறுமையாகக் கேளுங்கள். கேப் யார்க் கிராமங்கள் பலவற்றில் 2002-க்குப் பிறகு மதுக் கட்டுப்பாடு வந்தது. குடிக்க வெளியூர் போகிறார்கள். திரும்பி வர பஸ்ஸோ டாக்ஸியோ இல்லை. கூட இருக்கும் மாமா முறைக்காரர் "வண்டியை எடு" என்றால் மறுப்பது மரியாதைக் குறைவு. தாய்மாமன் சொல்லைத் தட்டாத வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். போதையிலும் ஓட்டிக் காட்டுபவனே வீரன் என்ற நினைப்பும் இளைஞர்களிடம் உண்டு. இதெல்லாம் மாறாமல் லைசென்ஸை மட்டும் பறித்தால் மூன்றாம் வழக்கும் வரும்.

இதை கோர்ட்டில் சொல்ல வழி இருக்கிறது. அபொரிஜினல், டோரஸ் நீரிணைத் தீவு மக்களுக்கான சட்ட உதவி அமைப்பு இலவசமாக வாதாடும். இந்த வாரமே அவரை அந்த அமைப்போடு பேச வையுங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ள அவர் தயாராக இருந்தால், மர்ரி கோர்ட்டுக்கு மாற்ற முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். அங்கே சமூகப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசுவார்கள், தீர்ப்பு மாஜிஸ்திரேட்டுடையதுதான். பிள்ளைப் பருவம் மிகவும் சிதைந்திருந்தால், அதன் பாதிப்பு வயதானாலும், திரும்பத் திரும்பத் தவறு செய்தாலும் குறைந்துவிடாது என்று 2013-இல் பக்மி என்ற அபொரிஜினல் ஒருவரின் வழக்கில் ஆஸ்திரேலியாவின் உச்ச நீதிமன்றமான ஹைகோர்ட் சொன்னது. உங்கள் நண்பருக்கும் அது பொருந்தினால், தண்டனை பற்றிய வாதத்தில் வக்கீல் எடுத்து வைப்பார்.

நீங்கள் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் கொடுக்கலாம். "நல்ல பையன்" என்று எழுதிப் பயனில்லை. வெளியூர் போகும் இரவுகளில் இனி யார் குடிக்காமல் இருந்து ஓட்டுவார், சாவி யாரிடம் இருக்கும் என்று எழுதுங்கள். அது நிஜமாக நடக்கவும் வேண்டும்.

கோர்ட் அவரை வண்டி ஓட்டக் கூடாது என்று தடுத்திருக்கும் காலத்தில் "கிளினிக்வரைதானே" என்று அவர் கேட்டால் சாவியைக் கொடுக்காதீர்கள். எனக்குப் பெரிய பயமே அதுதான். கோர்ட் விதித்த தடையை மீறி ஓட்டினால் இன்னும் 2 முதல் 5 ஆண்டுகள் தடை கூடும். 18 மாதம்வரை சிறையும் உண்டு.

லைசென்ஸ் திரும்பக் கிடைத்தாலும், ஊதிக் காட்டினால் மட்டுமே ஸ்டார்ட் ஆகும் இன்டர்லாக் கருவியை வண்டியில் பொருத்த வேண்டும், செலவு அவருடையது. தொலைதூரத்தில் வசிப்பவர்கள் விலக்குக் கேட்கலாம். மறுமுறை சிக்கியவர்களுக்கான கட்டாய வகுப்பு ஒன்றும் இருக்கிறது. இவற்றையும் வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டு வையுங்கள்.