பி53 காவல் புரதம் என்றால், அது கூடியிருப்பது ஏன் கெட்டது?

அம்மாவின் சினைப்பைக் கட்டி பயாப்சி ரிப்போர்ட்டில் 'பி53 மிக அதிகம், பழுதான வகை' என்று இருக்கிறது, புற்றுநோயைத் தடுக்கும் புரதம் கூடினால் நல்லதுதானே என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. 1979-ல் இது தெரியவந்த பிறகு சுமார் பத்து வருடம் விஞ்ஞானிகளே இதைப் புற்றுநோயைத் தூண்டும் புரதம் என்றுதான் நினைத்தார்கள். அவர்கள் கையில் இருந்தது பழுதான வடிவம்.

நல்ல செல்லில் பி53 உருவான கொஞ்ச நேரத்திலேயே அழிந்துவிடும். அது முடுக்கிவிடும் மரபணுக்களில் ஒன்று எம்டிஎம்2. அதிலிருந்து வரும் புரதமே திரும்பி வந்து பி53-ஐ அழிவுக்கு அனுப்பும். டிஎன்ஏ உடைந்தால் இந்தப் பிடி தளரும். அப்போது பி53 பெருகி, பி21 மரபணுவை இயக்கி, செல் பிரிவதை நிறுத்தும். சேதம் மிஞ்சிப்போனால் செல்லையே சாகவைக்கும்.

பழுதான பி53-ஆல் டிஎன்ஏவைச் சரியாகப் பற்ற முடியாது. ஆகவே அது முடுக்கிவிட வேண்டிய எம்டிஎம்2-வும் போதிய அளவு உருவாகாது. அதனால் வேலை செய்யாத புரதம் உட்கருவில் குவிகிறது. பி53 இருக்கும் இடத்தைக் காட்டச் சாயமேற்றிய கட்டித் துண்டின் ஸ்லைடில் உட்கருக்கள் எல்லாம் கரும்பழுப்பாகத் தெரிவது அதுதான். சில கட்டிகளில் சாயமே ஏறாது, அதுவும் பழுதுதான்.

அப்புறம், பயப்படாதீர்கள். ஹை-கிரேடு சீரஸ் வகை (சினைப்பைப் புற்றுநோயில் வேகமாக வளரும் ஒரு வகை) என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வகையில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் பி53 பழுது இருக்கும். அம்மாவுக்கு மட்டும் கூடுதல் ஆபத்து என்று அர்த்தமில்லை. இது பெரும்பாலும் கட்டிக்குள்ளேயே உண்டாகும் மாற்றம், பரம்பரையாக வருவது அரிது. ஆனால் பிஆர்சிஏ என்ற வேறு மரபணுக்களின் பழுது பரம்பரையாக வரலாம், அது மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும். டாக்டரிடம் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை பற்றிக் கட்டாயம் கேளுங்கள். அம்மாவின் மருந்தைத் தேர்வு செய்ய அது உதவும், உங்களுக்கும் தங்கைக்கும் அந்த முடிவு தேவைப்படும்.