78 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 78 சுற்று) கர்நாடக இசைத்தட்டுகள்: சில கேள்விகள், சில பதில்கள்

கும்பகோணத்து வாசகர்: சார், தாத்தா வீட்டுப் பரணில் ஒரு பெட்டி நிறையத் தட்டுகள் கிடைத்தன. பூஞ்சை பிடித்திருக்கிறது. ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாமா?

கூடவே கூடாது. அவை அரக்கில் செய்தவை. ஸ்பிரிட்டில் அரக்கு கரையும், வரிப்பள்ளத்தோடு பாட்டும் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு கலந்து, மெல்லிய பிரஷ்ஷால் வரி ஓடும் திசையிலேயே துடையுங்கள். நடுவில் ஒட்டியிருக்கும் லேபிள் நனையக் கூடாது. நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு நிற்க வையுங்கள். மறுபடி பரணுக்கு மட்டும் ஏற்றிவிடாதீர்கள், வெயில் காலத்தில் தட்டு வளைந்துவிடும்.

கோவை வாசகர்: என் பிளேயரில் 78 ஸ்பீடு இருக்கிறது. ஆனால் பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம்.

முள்தான் காரணமாக இருக்கும். பிற்காலத்து எல்.பி. (நீள்நேரத் தட்டு) முள்ளின் நுனி சுமார் 25 மைக்ரான். 78-க்குச் சுமார் 75 மைக்ரான் வேண்டும். சின்ன முள் பள்ளத்தின் அடியில் கிடந்து குப்பையைத்தான் வாசிக்கும். 78-க்கென்று தனி முள் வாங்குங்கள்.

திருநெல்வேலி வாசகி: பழைய பாடகிகள் எல்லாருமே குழந்தைக் குரலில் பாடுவதுபோல் இருக்கிறதே, அப்படித்தான் பாடினார்களா ஐயா?

பாதி உண்மை, பாதி வேகத்தின் வேலை. 78 என்று நாம் சொல்கிறோமே தவிர, ஆரம்ப காலத் தட்டுகள் எல்லாம் அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. 74 சுற்றில் பதிவானதை 78-ல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். அதற்காகக் கீச்சென்று கேட்பதையெல்லாம் இறக்கிவிடவும் கூடாது. 1925 வாக்கில் மின் ஒலிப்பதிவு வரும்வரை, புனல் போன்ற குழாய்க்குள் உரக்கப் பாடினால்தான் தட்டில் ஏறும். மைக் இல்லாத நாடக மேடையில் வளர்ந்த எஸ்.ஜி. கிட்டப்பா போன்றவர்கள் நிஜமாகவே உச்சத்தில் பாடியவர்கள். சரியான வேகத்தைக் கண்டுபிடிக்கக் கூட வரும் ஆர்மோனியமும் உதவாது, அதுவும் சேர்ந்தே ஏறியிருக்கும். நான் கவனிப்பது கமகத்தையும் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) உச்சரிப்பையும். அசைவு படபடவென்று நடுங்கினால், வார்த்தைகள் ஒன்றையொன்று துரத்தினால், கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் குரல் சட்டென்று ஒரு ஆளாக மாறும். அங்கே நிறுத்திவிடுங்கள்.

சென்னை வாசகர்: கச்சேரியில் அரை மணி பாடுகிற ராகம், பத்து அங்குலத் தட்டில் மூன்றே நிமிடம். இதில் ரசிக்க என்ன இருக்கிறது?

அந்த மூன்று நிமிடம்தான்! சுற்றி வளைக்க இடமில்லாததால், முதல் பிடியிலேயே ராகம் தெரிந்தாக வேண்டும். டி.என். ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் வாசித்த தோடி ராகத்தைப் போட்டுப் பாருங்கள், இந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்க மாட்டீர்கள். வீணை தனம்மாள் 1930களில் தட்டுக்கு வாசித்தபோது அறுபதைத் தாண்டியிருந்தார். அந்த வாசிப்பில் அவசரமே கிடையாது. 1926-ல் பத்து வயதில் எம்.எஸ். சுப்புலட்சுமி கொடுத்த முதல் தட்டையும் கேட்கலாம், ஆனால் அதில் எனக்கு ரசனையைவிட ஆர்வம்தான் அதிகம். பாடகர் காஞ்சிபுரம் நாயனா பிள்ளைக்கு ஒரு தட்டுகூட இல்லை. அவர் லயத்தைப் பற்றிப் பிறர் சொன்னதைப் படித்துத் திருப்திப்பட வேண்டியதுதான்.

மதுரை வாசகர்: எம்.எஸ். தட்டு ஒன்றுக்குப் பெரிய விலை சொல்கிறார்கள் அண்ணா. வாங்கலாமா?

பேர் பெரியது என்பதற்காக வாங்காதீர்கள். நன்றாக விற்ற தட்டுகள் ஏராளமாக அச்சானவை, இன்னொன்று கிடைக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: வரிகள் சாம்பல் பூத்திருந்தால் இரும்பு முள் தேய்த்துத் தின்றுவிட்டது என்று அர்த்தம். கீறலைக்கூட மன்னிக்கலாம், இதை முடியாது.

யாழ்ப்பாணத்து வாசகர்: டிஜிட்டலாக்கி யூடியூபில் போட்டால் சட்டச் சிக்கல் வருமா?

உங்கள் நாட்டுச் சட்டத்தைத் தனியாகப் பாருங்கள். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம் உரிமை. ஆக 1930, 40களின் தட்டுகளில் ஒலிப்பதிவு உரிமை முடிந்துவிட்டது. பாட்டின் உரிமை வேறு கணக்கு, இயற்றியவர் காலமானதிலிருந்து 60 ஆண்டு. தியாகராஜர் கீர்த்தனைக்குக் கவலையில்லை. பாபநாசம் சிவன் காலமானது 1973-ல், எனவே அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை பொறுக்க வேண்டும்.