சைலென்சர் வாங்கப் போறீங்களா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி (டல்லாஸ் பக்கத்துல இருந்து ஒரு வாசகர்): கிரீன் கார்டு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. கிளாக் 19 (9எம்எம் பிஸ்டல்) ஒண்ணு, ஏஆர்-15 (.223, 5.56 சுடற ரைஃபிள்) ஒண்ணு வச்சிருக்கேன். இப்ப வரி இல்லைங்கறதால ஒரு சப்ரஸர் (சைலென்சருக்கு இன்னொரு பேர், கடைல 'கேன்'னும் சொல்வாங்க) வாங்கலாம்னு இருக்கேன். ரெண்டுக்கும் ஒரே கேன் போதும்னு கடைக்காரர் சொல்றார், நிஜமா போதுமாங்க?

பதில்: ரெண்டுக்கும்னே செஞ்ச கேனா இருந்தா மாட்டிச் சுடலாம்தான், ஆனா நானா இருந்தா தனித்தனியாதான் வாங்குவேன். ஏன்னு சொல்றேன்.

1934ல வந்த சட்டத்துல ஒவ்வொரு சப்ரஸருக்கும் 200 டாலர் வரி போட்டாங்க, அது 2025 கடைசி வரைக்கும் அப்படியே இருந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் 200 டாலர் தண்டம் அழணுமேன்னுதான் எல்லா துப்பாக்கிக்கும் ஒரே கேன்ங்கற யோசனையே ஜனங்களுக்குப் பிடிச்சுது. 2026 ஜனவரி 1ல இருந்து அந்த வரி பூஜ்யம். ஃபார்ம் 4ங்கற விண்ணப்பம், கைரேகை, போட்டோ, ஏடிஎஃப்ங்கற (துப்பாக்கி விவகாரம் பாக்கற ஃபெடரல் துறை) அனுமதி எல்லாம் இன்னும் உண்டு, பணம் மட்டும்தான் போச்சு. அதனால ஒரே கேன்ல எல்லாத்தையும் அடக்கணும்ங்கற அவசியம் இப்ப பாதி போயிடுச்சுங்க.

அடுத்தது பிரஷர். உங்க கிளாக்கோட 9எம்எம் தோட்டாவுக்கு உச்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ, ஏஆரோட .223க்கு 55,000. பிஸ்டலுக்குன்னு லேசா செஞ்ச கேனை ரைஃபிள்ல மாட்டினா அது கிழிஞ்சு போற அபாயம் இருக்கு. ரைஃபிள் கேனை பிஸ்டல்ல மாட்டினா வெயிட் தாங்காம மூக்கு கீழ தொங்கும். ரெண்டுக்கும் சேர்த்து செஞ்ச கேனும் இருக்கு, சைலென்சர்கோ கம்பெனியோட ஒமேகா 36எம் 9எம்எம்ல இருந்து .338 லப்புவாங்கற பெரிய ரைஃபிள் தோட்டா வரைக்கும் தாங்கும், நல்ல பொருள்தான். ஆனா அவ்ளோ பெரிய ஓட்டைல உங்க ஏஆரோட சின்ன குண்டு போறப்ப சுத்தி கேஸ் தப்பிச்சுப் போகும், 5.56க்குன்னே செஞ்ச கேன் அளவுக்கு சத்தம் குறையாது.

இன்னொண்ணு, கிளாக் மாதிரி பிஸ்டல்ல சுடும்போது பேரல் பின்னாடி போய் லேசா சாயும். நுனில வெயிட்டைத் தொங்கவிட்டா அது சரியா சாயாம அடுத்த ரவுண்டு ஏறாது. அதுக்குத்தான் பிஸ்டல் கேனுக்குள்ள பூஸ்டர்னு ஒரு ஸ்பிரிங்கும் பிஸ்டனும் வைக்கறாங்க. கேன் வாங்கும்போது பூஸ்டர் கூட வருதா, பிஸ்டன் உங்க பேரல் திரெட்டுக்கு (கேனைத் திருகி மாட்டற மரை) சரியான்னு கேளுங்க. சாதாரண கிளாக் 19ல கூட வர்ற பேரலுக்கு திரெட் கிடையாது, தனியா திரெட் போட்ட பேரல் வாங்கணும். கேன் மாட்டினா குறி பாக்கற சைட்டும் மறைஞ்சிடும், உயரமான சைட் வேணும். இந்த செலவெல்லாம் கடைல முதல்ல யாரும் சொல்ல மாட்டாங்க.

ஏஆருக்கு நான் பாக்கற முதல் விஷயம் முகத்துல அடிக்கற கேஸ். கேன் மாட்டினா உள்ள அழுத்தம் கூடும், புகை பின்னாடி இருக்கற சார்ஜிங் ஹேண்டில் (தோட்டா ஏத்த இழுக்கற கைப்பிடி) வழியா நேரா கண்ணுக்கு வரும், பத்து ரவுண்டுல கண்ணு எரியும். ஹக்ஸ்வர்க்ஸ் கம்பெனி கேன் மாதிரி கேஸை முன்பக்கமா போகவிடற டிசைன் அதுக்குத்தான் வந்துச்சு, சத்தம் துளி அதிகமா இருந்தாலும் ஏஆருக்கு நான் அதைத்தான் சொல்லுவேன். உங்க பேரல் குட்டையா இருந்து வேகமா நிறைய சுடறவரா இருந்தா டைட்டானியம் வேண்டாம், பொறி பறக்கும், சீக்கிரம் தேயும், ஸ்டீலோ இன்கோனெலோ (சூடு தாங்கற நிக்கல் கலவை) எடுங்க. வேட்டைக்கு போல்ட் ரைஃபிள்ல (ஒவ்வொரு ரவுண்டுக்கும் கையால இழுத்து ஏத்தறது) ரெண்டு மூணு ரவுண்டுதான்னா டைட்டானியம் சொர்க்கம், தோள்ல வெயிட்டே தெரியாது.

கேள்வி (ஹூஸ்டன் வாசகி): சினிமால வர்ற மாதிரி சத்தமே வராதா? காதுல ஒண்ணும் மாட்டாம சுடலாமாங்க?

பதில்: வரும்மா, நல்லாவே வரும். நம்ம ஊர்ல பைக் புகைக்குழாயை சைலென்சர்னு சொல்றோமே, அதுவும் இதுவும் ஒரே யோசனைதான். 1909ல துப்பாக்கி சைலென்சருக்கு பேட்டன்ட் வாங்கின ஹிரம் பெர்சி மாக்சிம் வண்டி இன்ஜினுக்கும் சைலென்சர் பண்ணினவர்தான் (மாக்சிம் மெஷின் கன் கண்டுபிடிச்சவரோட மகன்). குக்கர் வெயிட்டை டக்குனு எடுத்தா எப்படி சீறும், கரண்டியால லேசா தூக்கிப் பிடிச்சு மெதுவா ஆவியை விட்டா எப்படி புஸ்ஸுனு அடங்கும்? அதே வேலைதான், கேஸை அறை அறையா அலையவிட்டு ஆறவச்சு மெதுவா வெளிய விடறது.

ஏஆர்-15 சும்மா சுட்டா சுமார் 165 டெசிபல். நல்ல கேன் போட்டா 25, 30 டெசிபல் குறையும், மீதி 135ல இருந்து 140. டக்குனு வெடிக்கற சத்தத்துக்கு காதோட ஆபத்து எல்லைன்னு சொல்றது 140, அதைத் தாண்டாம காப்பாத்துது, அவ்ளோதான். அதுக்கு மேல குண்டு ஒலியை விட வேகமா போனா அதுவே காத்துல ஒரு வெடி வெடிக்கும், எந்தக் கேனும் அதை நிறுத்தாது. ஒலியோட வேகம் நொடிக்கு சுமார் 1,125 அடி, 5.56 குண்டு 3,000 அடி கிட்ட போகுது. பிஸ்டல்ல கனமான 147 கிரெய்ன் (குண்டோட எடை அளவு) 9எம்எம் போட்டா அந்த வெடி இருக்காது, .45 பிஸ்டலோட சாதாரண 230 கிரெய்னே மெதுவாத்தான் போகும், ரைஃபிள்னா .300 பிளாக்அவுட்ங்கற தோட்டால கனமான குண்டு போடலாம்.

காதுல மாட்டாம சுடாதீங்க. இன்டோர் ரேஞ்சுல பக்கத்து லேன்ல ஒருத்தர் குட்டை ரைஃபிள் சுட்டப்ப நான் காதுல மாட்டியிருந்த மஃப்பைத் தூக்கிட்டு தம்பிகிட்ட பேசிட்டு இருந்தேன், ஒரே ஒரு ரவுண்டு. இடது காதுல ஙொய்ங்னு அன்னைக்கு ஆரம்பிச்ச சத்தம் ராத்திரி ஃபேனை நிறுத்தினா இப்பவும் கேக்குது. அதனாலதான் சப்ரஸர் ஆடம்பரம்னு யார் சொன்னாலும் எனக்கு மனசு ஒப்பாது.

கேள்வி (ஆஸ்டின் வாசகர்): எச்1பில இருக்கேன், நானும் வாங்கலாமா? நியூ ஜெர்சிக்கு வேலை மாறினா கூட எடுத்துட்டுப் போகலாமா?

பதில்: ரெண்டுமே ஆபத்தான இடம், கவனமா கேளுங்க. எச்1பி மாதிரி விசால இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கறதையே ஃபெடரல் சட்டம் பொதுவா தடுக்குது, ஹன்டிங் லைசென்ஸ் மாதிரி சில விலக்கு உண்டு. சப்ரஸரையும் அந்தச் சட்டம் துப்பாக்கியாவேதான் எண்ணுது. வக்கீல்கிட்ட எழுத்துல கேக்காம கை வைக்காதீங்க, விசாவே போயிடும்.

நியூ ஜெர்சிக்கு எடுத்துட்டுப் போகவே முடியாது. 42 மாநிலத்துல வச்சுக்கலாம், நியூ ஜெர்சி, கலிபோர்னியா, நியூயார்க், இல்லினாய், மாசசூசெட்ஸ், டெலவேர், ரோட் ஐலண்ட், ஹவாய் எட்டுலயும் கூடாது. நம்மாளுங்க வேலை மாறி மாறிப் போற ஊர்தான் இதுல பாதி! அடுத்த வருஷம் எங்க இருப்போம்னு தெரியாதவங்க கொஞ்சம் பொறுங்க. ஊருக்குப் பெட்டில எடுத்துட்டுப் போற நினைப்பும் வேண்டாம், இந்தியால அது தடை செய்யப்பட்ட ஆயுத வரிசைல வருது, இங்க இருந்து அனுமதியில்லாம வெளிய கொண்டு போறதும் குற்றம்.

கேள்வி (அதே வாசகர்): ஆன்லைன்ல சால்வென்ட் ட்ராப்னு (துப்பாக்கி சுத்தம் பண்ற திரவத்தைப் பிடிக்கற குழாய், பாக்க கேன் மாதிரியே இருக்கும்) 60 டாலருக்கு விக்கறாங்களே, அது?

பதில்: தொடாதீங்க. ஃபார்ம் 1 (சொந்தமா கேன் செய்யறதுக்கு ஏடிஎஃப் தர்ற) அனுமதி கைக்கு வராம அதை கேனா மாத்தினா பத்து வருஷம் வரைக்கும் ஜெயில்.

கேள்வி (சான் அன்டோனியோ வாசகர்): .22 கேன் வாங்கியாச்சு, அனுமதியும் வந்தாச்சு. முதல் தடவை மாட்டறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்?

பதில்: நல்ல தேர்வுங்க, சின்னப் பசங்களுக்கு கத்துக்கொடுக்க இதைவிட நல்லது கிடையாது. .22 குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம், உள்ள அடை அடையா ஒட்டும், சில நூறு ரவுண்டுக்கு ஒருதடவை கழட்டி சுத்தம் பண்ணுங்க.

ஆனா ஒண்ணு மறக்காதீங்க. .22, 5.56, 9எம்எம் மூணுக்கும் அமெரிக்காவுல பெரும்பாலும் ஒரே அரை இன்ச் 28 திரெட்தான் (அரை இன்ச் விட்டம், இன்ச்சுக்கு 28 மரை). உங்க .22 கேன் 9எம்எம் பேரல்ல அழகா ஏறி உக்காரும், ஆனா ஓட்டை சின்னது, சுட்டா முடிஞ்சுது கதை. வீட்ல ரெண்டும் இருந்தா கேன் மேல பெயின்ட் மார்க்கர்ல பெருசா எழுதி வைங்க.

அப்புறம் மேகசின் எடுத்து, சேம்பர் காலின்னு ரெண்டு தடவை பாத்துட்டு, கேனை மாட்டி அலைன்மென்ட் ராடை (கேன் நேரா உக்காந்திருக்கான்னு பாக்கற கம்பி) முனை வழியா பேரலுக்குள்ள விட்டுப் பாருங்க. நண்பர் ஒருத்தர் லோக்கல் கடைல திரெட் போட்டு வாங்கின பேரல், கண்ணுக்கு நேராத்தான் இருந்துச்சு. ராடை விட்டதும் ஒரு பக்கம் பென்சில் கனத்துக்கு இடைவெளி, இன்னொரு பக்கம் ஒரு பேப்பர் கூட நுழையல. ஒரு ரவுண்டு சுட்டிருந்தா கேன் காலி. அப்படியே கழட்டிப் பெட்டில போட்டு அந்தப் பேரலைத் திருப்பிக் கொடுத்துட்டோம்.