பழைய பித்தளை பம்ப் ஸ்டவ்வில் மறுபடி சமைக்க முடியுமா?

பரணில் கிடந்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பம்ப் அடித்தால் காற்றே ஏறவில்லை, தூக்கிப் போடலாமா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். 1892-இல் ஸ்வீடனில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் உருவாக்கிய அதே அமைப்புதான் இது, பழுதுபார்ப்பது எளிது.

பெரும்பாலும் கோளாறு பம்ப் கம்பியின் நுனியிலுள்ள தோல் வாஷரில்தான். காய்ந்து சுருங்கியிருக்கும். கழற்றி ஓர் இரவு எண்ணெயில் ஊறவைத்து, கிண்ணம்போல விரித்து மாட்டுங்கள். கைப்பிடியை அழுத்தும்போது காற்று எதிர்த்துத் தள்ளுவது உள்ளங்கையில் தெரியும். பர்னரில் எண்ணெய் ஆவி வெளிவரும் நுண்துளையான நிப்பிளின் அடைப்பை, ஸ்டவ் பின் என்னும் மெல்லிய ஊசியால் மட்டும் குத்துங்கள். தடித்த ஊசி துளையைப் பெரிதாக்கிவிடும். பிறகு காலி டேங்கில் காற்றேற்றித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். டேங்கின் ஒட்டில் குமிழி வந்தால் அது விட்டிருக்கிறது, ஸ்டவ்வில் தீ மூட்டவே கூடாது.

பர்னரை முதலில் ஸ்பிரிட் ஊற்றி எரித்துச் சூடாக்க வேண்டும். அவசரப்பட்டால் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் மஞ்சளாகக் குபீரென எரியும். உடனே டேங்கின் காற்றை வெளியேற்றும் திருகைத் திறந்துவிடுங்கள். சரியாகச் சூடேறினால் இரைச்சலோடு நீலச்சுடர் நிற்கும். பெட்ரோல் ஒருபோதும் ஊற்றாதீர்கள், ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

சிறுதீ இதில் சுலபமாக வராது. மெதுவாக வேக வேண்டியதற்கு, பாத்திரத்தின் அடியில் ஒரு கனத்த இரும்புத் தட்டு வையுங்கள்.