வாசகர் கேள்வி பதில்: முன்வரிசையின் வேகம் எங்கே போனது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காற்பந்து பற்றியவைதான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, பகாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் கோலப்பிலா, புக்கிட் புத்துஸ் வழியாகப் பாரோய் அரங்கத்துக்குப் போய் நெகிரி செம்பிலான் மாநில அணியின் ஆட்டங்களைப் பார்க்கிற கூட்டம் நாங்கள். முன்பெல்லாம் பந்து கிடைத்ததும் மூன்று நான்கு பேர் பாய்வார்கள். இப்போது பந்து இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. தாக்குதலில் வேகமே இல்லை. மெதுவாக ஓடுகிறவர்களை அனுப்பிவிட்டு, நன்றாக ஓடக்கூடிய வெளிநாட்டு ஆட்டக்காரர் இரண்டு பேரை எடுத்தால் சரியாகிவிடாதா?
– ஜெம்போல் வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. நானும் அதே படிக்கட்டில் உட்கார்ந்து ‘ஹோபின் ஜாங் ஹோபின்’ என்ற நம் அணி முழக்கத்தைத் தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்துகிறவன்தான். ஆனால் நீங்கள் சொல்லும் மருந்து இந்த நோய்க்கு ஒத்துவராது என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை போகும்போது ஒன்று செய்யுங்கள். பத்து நிமிடம் பந்தைப் பார்க்காமல் முன்வரிசை ஆட்டக்காரரை மட்டும் பாருங்கள். நடுத்திடலில் நம் ஆள் பந்தை வாங்கும்போது முன்னால் இருப்பவர் ஓடத் தொடங்குவார். பந்து வராது. திரும்பி நடந்து வருவார். இரண்டாவது முறையும் ஓடுவார், அப்போதும் வராது. மூன்றாவது முறை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிடுவார். அந்த நேரம் பார்த்துத்தான் அவரிடம் பந்து வரும், நாமும் ‘ஓடவே மாட்டேன் என்கிறான்’ என்று அவரைத் திட்டுவோம். அவர் ஏற்கெனவே இரண்டு முறை ஓடியதை நம்மில் யாரும் பார்த்திருக்க மாட்டோம்.

இப்போது நடுத்திடல் ஆட்டக்காரரைப் பாருங்கள். எதிரணி கோலுக்கு முதுகைக் காட்டிப் பந்தை வாங்குகிறார், உள்ளங்காலால் மிதித்து நிறுத்துகிறார், திரும்புகிறார், அதற்குப் பிறகுதான் தலையைத் தூக்கி யார் எங்கே இருக்கிறார்கள் என்று தேடுகிறார். இதற்குள் மூன்று விநாடி போய்விடுகிறது. எதிரணித் தற்காப்பு ஆட்டக்காரர் சும்மா மெல்லோட்டம் ஓடினாலே அந்த மூன்று விநாடியில் ஏழெட்டு மீட்டர் பின்னால் போய் நின்றுவிடுவார். ஒரு நல்ல ஆட்டக்காரருக்கே நின்ற இடத்திலிருந்து 30 மீட்டர் ஓட ஏறக்குறைய 4 விநாடி பிடிக்கும். அழுத்தி உதைத்த பந்து அதே தூரத்தை 2 விநாடியில் கடந்துவிடும். அதனால்தான் வேகம் எங்கே என்று கேட்டால் நான் முதலில் பந்தைப் பார்க்கச் சொல்வேன்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சிறுவயதில் அவர் பின்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். கத்தி இந்த மரத்தில் இருக்கும்போதே அவர் கண் அடுத்த மரத்துக்குப் போயிருக்கும், வெட்டி முடித்த கையோடு கால் தானாக நடக்கும். நின்று யோசித்தால் வெயில் ஏறிவிடும், பால் குறைந்துவிடும். பந்து வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிடுகிற ஆட்டக்காரரைக் காணும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் ஞாபகம்தான் வரும்.

இன்னொரு விஷயம். ஓட்டத்துக்கு இடம் வேண்டும். எதிரணி நடுக்கோடு வரைக்கும் ஏறி நின்றால் அவர்களுக்குப் பின்னால் அரைத் திடல் காலியாகக் கிடக்கும், தன் பாதியில் நிற்பவருக்கு ஆஃப்சைடும் கிடையாது, அப்போது வேகமான கால் தங்கம். ஆனால் பாரோயில் நம்மோடு ஆட வருகிற பல அணிகள் பத்துப் பேரைத் தங்கள் பெனால்டி பெட்டியைச் சுற்றி நிறுத்திவிடுகின்றன. அந்தப் பெட்டியே கோல் கோட்டிலிருந்து 16.5 மீட்டர்தான், அதற்குள் யார் எங்கே ஓடுவது? அங்கே வேண்டியது ஓரத்தில் கோல் கோடு வரை போய்ப் பின்னோக்கித் தள்ளிவிடும் பந்து.

2010 டிசம்பர் 26, புக்கிட் ஜாலில். கே. ராஜகோபால் பயிற்றுவித்த மலேசியத் தேசிய அணி தென்கிழக்காசியக் கிண்ண இறுதியின் முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவை 3–0 என்று சாய்த்ததே, அந்த முதல் கோலை நினைத்துப் பாருங்கள். நோர்ஷாருல் இட்லான் தற்காப்பு ஆட்டக்காரரைத் தாண்டிப் போய்ப் பந்தை உள்ளே தள்ளிவிட்டார், சஃபீ சாலி வந்த வேகத்திலேயே அடித்தார். ஒருவரும் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. ஜாகர்த்தாவில் 2–1 என்று தோற்றும், மொத்தம் 4–2 என்று கிண்ணம் முதல்முறையாக நமக்கு வந்தது. அதே ஆண்டு உலகக் கிண்ணத்தை வென்ற ஸ்பெயின் ஏழு ஆட்டத்தில் அடித்தது எட்டே கோல், ஷாவியும் இனியெஸ்டாவும் காலைவிடப் பந்தைத்தான் வேகமாக ஓடவிட்டார்கள்.

சரி, வேகமான ஆளே வேண்டாமா என்றால், வேண்டும். ஓரத்தில் ஒருவராவது வேண்டும். அவர் இருந்தால்தான் எதிரணி பயந்து இரண்டடி பின்னால் நிற்கும், அந்த இரண்டடியில் நம் நடுத்திடலுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். ஆனால் பந்தை நேரத்துக்குக் கொடுக்க ஆளில்லாமல் ஓடுகிறவரை மட்டும் எடுத்தால், அவரும் நான்காவது வாரத்தில் இடுப்பில் கைவைத்து நிற்பார்.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டரில் அவன்தான் முதல். ஆனால் பயிற்சியாளர் அவனை முன்னால் விடாமல் வலப்பக்கத் தற்காப்பில் போடுகிறார். பிள்ளை அழுகிறான். நான் போய்க் கேட்கலாமா?
– ரொம்பின் வாசகி

பதில்: கேளுங்கள் அம்மா, ஆனால் சண்டைக்குப் போக வேண்டாம், காரணத்தைக் கேளுங்கள். நம் எஸ். குணாலனை உங்கள் மகனுக்குக் காட்டுங்கள். 2011 மலேசியக் கிண்ண இறுதியில் திரங்கானுவிடம் பின்தங்கியிருந்த நெகிரி செம்பிலானுக்குக் கடைசிக் கட்டத்தில் சமநிலை கோல் அடித்தவர், அப்புறம் 2–1 என்று கிண்ணத்தை வென்றோம். ஓரத்தில் காற்றாகப் பறந்த அந்த மனிதர்தான் பிறகு ஜொகூர் டாருல் தாக்சிமிலும் தேசிய அணியிலும் வலப்பக்கத் தற்காப்பில் ஆடினார். அங்கிருந்து ஓடுகிறவனுக்கு முன்னால் திடல் முழுக்கத் தெரியும், வேகம் எடுக்கத் தூரமும் இருக்கும். உங்கள் மகன் கற்றுக்கொள்ள வேண்டியது ஓட்டத்தின் முடிவில் தலையைத் தூக்குவது. வேகமாக ஓடுகிற பிள்ளைகள் பெரும்பாலும் பந்தைப் பார்த்துக்கொண்டே ஓடிக் கோட்டுக்கு வெளியே போய்விடுவார்கள். நான் மாலையில் சொல்லிக்கொடுக்கும் பையன்களிடம் கையில் விரல்களைக் காட்டுவேன், ஓடிக்கொண்டே எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் ஒருவனும் சரியாகச் சொல்லவில்லை, இரண்டு மாதத்தில் எல்லோரும் சொன்னார்கள்.

கேள்வி: 2014 முதல் லீக் கிண்ணம் தொடர்ந்து ஜொகூருக்கே போகிறதே, பணம் மட்டும்தான் காரணமா?
– கோலப்பிலா வாசகர்

பதில்: பணம் பெரிய காரணம், மறுக்க முடியாது. ஆனால் நம் நாட்டு இரவுப் புழுக்கத்தில் எந்த அணிக்கும் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கால் கனக்கும். அப்போது மாற்று ஆட்டக்காரராக இறங்குகிறவரும் அதே தரத்தில் இருந்தால் ஆட்டம் தளராது. நம்மைப் போன்ற அணிகளுக்கு அந்த இரண்டாவது வரிசைதான் இல்லை.

கேள்வி: எங்கள் தோட்டத்துத் திடல் போய்விட்டது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்தபோது அதையும் சேர்த்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். பிள்ளைகள் டவுனில் மணிக்கணக்குக்குக் காசு கட்டி ஃபுட்சால் ஆடுகிறார்கள். இது காற்பந்துக்கு உதவுமா?
– பகாவ் வாசகர்

பதில்: இந்தக் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் ஆடிய திடலும் அப்படித்தான் போனது. ஒரு கோல் மேட்டில், இன்னொன்று பள்ளத்தில், மழை பெய்தால் பள்ளத்துக் கோல்முன் கணுக்கால் வரை தண்ணீர். அதில் மேட்டை நோக்கி ஓடிப் பழகியவர்களுக்குச் சமதளத்தில் ஓடுவது சிரமமாகவே தெரியாது.

ஃபுட்சால் கெட்டதில்லை. பந்து சிறியது, அதிகம் எழும்பாது, பக்கத்திலேயே ஆள் நிற்பதால் கால் சுறுசுறுப்பாகும், யோசிக்கும் நேரம் குறையும். ஆனால் களத்தின் நீளமே 40 மீட்டர் அளவுதான். முழுத் திடல் 105 மீட்டர். தன் பாதியிலிருந்து புறப்பட்டு, தற்காப்பு வரிசையைத் தாண்டி விழும் பந்தைத் துரத்தி 40 மீட்டர் ஓடுவது எப்படி என்று அந்தப் பிள்ளைக்கு உடம்பில் பதியவே பதியாது. முதல் கேள்வி கேட்ட தம்பி தேடுகிற வேகத்தில் ஒரு பங்கு இந்தத் தோட்டத் திடல்களோடுதான் போனது என்பது என் எண்ணம்.

ஞாயிறு காலையில் தமிழ்ப்பள்ளித் திடல் காலியாகத்தான் கிடக்கும். தலைமையாசிரியரை நேரில் பார்த்துக் கேளுங்கள், மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பந்து இரண்டு, கூம்பு நான்கு போதும். முதலில் நீளமாக உதைக்கச் சொல்லுங்கள், அப்புறம் துரத்தச் சொல்லுங்கள். ஆள் குறைந்தால் எனக்கு எழுதுங்கள், எங்கள் பையன்களை வேனில் ஏற்றிக்கொண்டு வருகிறேன்.