பாண்டில் பாக்கி இருக்கும்போது போட்டிக் கம்பெனிக்குப் போகலாமா?

கேள்வி: நான் கெமிக்கல் இன்ஜினியர். கடலூர் சிப்காட்டில் ஒரு ஸ்பெஷாலிட்டி கெமிக்கல் கம்பெனியில் ட்ரெய்னியாகச் சேர்ந்து நான்கரை வருடம் ஆகிறது. இப்போது புராசஸ் இன்ஜினியர். இடையில் ஆறு வாரப் பயிற்சிக்கு ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். திரும்பியதும் மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் 5 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று பாண்ட். அதில் இன்னும் பத்து மாதம் பாக்கி. வேலையை விட்ட பிறகு 2 வருடம் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்று ஆஃபர் லெட்டரிலும் ஒரு வரி இருக்கிறது. இப்போது குஜராத்தின் தஹேஜில் அதே வகைப் பொருள் தயாரிக்கும் கம்பெனி கூப்பிடுகிறது. நோட்டீஸ் 90 நாள். எச்.ஆர். “கோர்ட்டில் ஸ்டே வாங்குவோம்” என்கிறார். டிகிரி ஒரிஜினலும் அவர்களிடம்தான் இருக்கிறது. இன்னொன்று, பின்னால் உதவுமே என்று பிளான்ட்டின் குழாய்களையும் கருவிகளையும் காட்டும் சில பி அண்ட் ஐடி வரைபடங்களையும், ஒவ்வொரு முறை தயாரிக்கும்போதும் எழுதும் பேட்ச் ஷீட்டுகளையும் என் ஜிமெயிலுக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். அதனால் பிரச்சினை வருமா?

பதில்: நீங்கள் பயந்து கேட்டவை எல்லாம் சமாளிக்கக்கூடியவைதான். கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஜிமெயில் விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது.

முதலில் அந்த இரண்டு வருடத் தடை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, ஒருவரைத் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீளும் தடைக்கு இது பொருந்தும் என்பதை, கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் சம்பந்தப்பட்ட வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொன்னது. ஆகவே ஆஃபர் லெட்டரில் உள்ள அந்த வரியை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாண்ட் கதை வேறு. “27-வது பிரிவு இருக்கிறது, பாண்டெல்லாம் செல்லாது” என்று கேன்டீனில் யாராவது சொன்னால் நம்பி இறங்கிவிடாதீர்கள். உங்கள் துறையிலேயே ஒரு பழைய வழக்கு உண்டு. கல்யாணில் இருந்த செஞ்சுரி ரேயான் ஆலையின் டயருக்கு வலு தரும் நூல் (டயர் கார்டு) தயாரிக்கும் பிரிவில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தவர் கோலிகாரி. ஐந்து வருட ஒப்பந்தம். அந்த ஆலையின் தொழில்நுட்பம், ரகசியம் காப்பதாக உறுதி கொடுத்து வெளிநாட்டுக் கம்பெனியிடம் வாங்கியது. 1964-ல் அவர் பாதியிலேயே விட்டுவிட்டு, ராஜஸ்தானின் கோட்டாவில் இருந்த போட்டி ஆலையில் சேர்ந்துவிட்டார். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அதே வகை வேலையில் வேறெங்கும் இருக்கக் கூடாது என்று அவருக்குப் போட்ட தடையை 1967-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அதனால் உங்கள் பாண்டை எடுத்து ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறதா என்று தேடுங்கள். ‘இந்த மூன்று வருடத்துக்குள் இதே தொழில் செய்யும் வேறு நிறுவனத்தில் சேர மாட்டேன்’ என்று இருந்தால், எச்.ஆர். சொல்லும் ஸ்டே வெறும் மிரட்டல் இல்லை. நோட்டீஸ் காலம் போக மீதியிருக்கும் ஏழு மாதத்துக்கு அப்படி ஒரு தடை கேட்டுப் பார்ப்பார்கள். அந்த வாக்கியம் இல்லை, பணம் மட்டும்தான் என்றால் விவகாரம் பணத்தோடு முடியும். எப்படியானாலும், இதே கம்பெனியில்தான் வேலை பார்க்க வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்தி எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது.

சரி, 5 லட்சம்? ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவில் அந்தத் தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் கொடுக்கும். விமான டிக்கெட், தங்கும் செலவு, பயிற்சிக் கட்டணம் எவ்வளவு என்று கம்பெனி கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருட பாண்டும் 2 லட்சம் ரூபாயும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொதுத்துறை வங்கி ஆள் எடுக்கும் முறை வேறு என்று நாம் வாதாடலாம். இருந்தாலும் நான் உங்கள் இடத்தில் இருந்தால் பேசித் தீர்ப்பேன். மீதி ஏழு மாதத்துக்கு விகிதம் போட்டால் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள். புதுக் கம்பெனியே பாண்ட் பணத்தைக் கட்டுவதும் உண்டு, வெட்கப்படாமல் கேளுங்கள். கட்டினால், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதி வாங்காமல் கட்டாதீர்கள்.

இப்போது அந்த ஜிமெயில். கூலிங் வாட்டர் குறைந்தால் ரசாயனம் சேர்ப்பதை (டோசிங்) உடனே நிறுத்த வேண்டும், டிஸ்டிலேஷன் காலத்தில் (column) திரவம் தேங்கி ஃபிளட் ஆவதை மேலும் கீழும் உள்ள அழுத்த வித்தியாசத்தில் கண்டுபிடிக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் தொழிலறிவு. தலைக்குள் இருக்கும் அதைக் கொண்டுபோக யாரும் தடுக்க முடியாது. எத்தனை டிகிரியில், எத்தனை மணி நேரத்தில், எவ்வளவு கேட்டலிஸ்ட் (வினையூக்கி) போட்டால் ஈல்டு (கிடைக்கும் பொருளின் அளவு) ஏறும் என்ற பேட்ச் ஷீட் கம்பெனியின் சொத்து. வணிக ரகசியத்துக்கு இங்கே தனிச் சட்டம் இல்லை என்ற தைரியம் வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-வது பிரிவின்படி, அனுமதியில்லாமல் கணினியிலிருந்து தரவை நகலெடுப்பதே தவறு. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-வது பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு. கம்பெனி சர்வரில் எந்த மெயில் எந்தத் தேதியில் வெளியே போனது என்ற பதிவு நிச்சயம் இருக்கும்.

பயந்துபோய் இன்றைக்கே அழித்துவிடாதீர்கள். வழக்கு வந்தால் அது ஆதாரத்தை மறைத்ததுபோல ஆகும். திறக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். ராஜினாமாவுக்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, அவர் மூலமாகத் தெரியப்படுத்தி, கம்பெனி ஒப்புக்கொள்ளும் முறையில் நீக்குவதுதான் பாதுகாப்பு. தஹேஜ் கம்பெனி சேரும்போது, முந்தைய நிறுவனத்தின் ரகசியம் எதுவும் என்னிடம் இல்லை என்று கையெழுத்து கேட்கக்கூடும். அந்தக் கோப்புகளை வைத்துக்கொண்டு அதில் கையெழுத்துப் போட முடியாது.

டிகிரி ஒரிஜினலைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. படிப்புச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, அதைப் பிணையாக வைத்துக்கொள்ள முடியாது என்று, கல்லூரிகள் பிடித்துவைத்த விவகாரத்தில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மெயிலில் கேளுங்கள், தராவிட்டால் வக்கீல் நோட்டீஸ். 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, ராஜினாமா செய்தவருக்கும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளில் கொடுத்தாக வேண்டும். பி.எஃப். பணத்தில் பாண்டைச் சொல்லிக் கை வைக்க முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்று: கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. அதற்கு ஐந்து வருட வேலை வேண்டும். நோட்டீஸ் முடியும்போது உங்களுக்கு நான்கு வருடம் ஒன்பது மாதம் ஆகியிருக்கும். ஆனால் ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் போதும் என்பது 1998-ல் மெட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் எடுத்த நிலை. கம்பெனி முரண்டு பிடிக்கலாம், ஆனாலும் மனு போடுங்கள். இதற்காகவாவது நோட்டீஸ் காலத்தைப் பணம் கட்டிக் குறைக்காமல் முழுதாக வேலை பாருங்கள்.

அந்த மூன்று மாதத்தில் ஹேண்ட்ஓவரைச் சுத்தமாகச் செய்யுங்கள். இன்னும் முடிக்காத ஹசாப் (ஆபத்து ஆய்வு) பரிந்துரைகள், இன்னும் முடித்து மூடாத எம்.ஓ.சி. (பிளான்ட்டில் செய்யும் மாற்றங்களுக்கான அனுமதிப் பதிவு), தற்காலிகமாகச் செயல்படாமல் பைபாஸில் இருக்கும் இன்டர்லாக் (தானியங்கிப் பாதுகாப்பு ஏற்பாடு) ஆகியவற்றை அந்தந்தக் கருவியின் டேக் நம்பரோடு எழுதிக் கொடுங்கள். பிறகு பிளான்ட்டில் ஏதாவது நடந்து தொழிற்சாலை ஆய்வாளர் விசாரித்தால், ஒப்படைத்தீர்கள் என்பதற்குச் சாட்சி வேண்டும். அதற்காக அந்த நோட்டையே ஜிமெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள்! ‘இந்தத் தேதியில் ஹேண்ட்ஓவர் பெற்றுக்கொண்டேன்’ என்று மேலதிகாரி கையெழுத்திட்ட ஒற்றை வரி போதும்.